ஆட்டுத்தலை யாருக்கு

ஒரு ஆளை வேலையை விட்டுத் துரத்த வேண்டுமென்றால் துரத்தித் தொலைக்க வேண்டியதுதானே. முகத்துக்கு நேராகச் சொல்லத் தெம்பில்லாதவன் எதற்கு மேலாளர் நாற்காலியில் உட்கார வேண்டும்? ஆனால் தர்மேன் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தபடியே சொன்னான்: "ஒவ்வொரு குழுவுலயும் ஒருத்தர் குறையணும். மேலிடத்து உத்தரவு. யாருங்கறத நான் சொல்ல மாட்டேன். நீங்களே பேசி முடிவு பண்ணி, திங்கக்கிழமை காலையில வந்து சொல்லுங்க." ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டவன்போல முகத்தை வைத்துக்கொண்டு டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

ஸௌரேஷின் குழுவில் மிச்சமிருந்ததே மூன்று பேர். கிரேன் ஓட்டும் பெண் ஸௌரேஷ், வெல்டிங் வேலை செய்யும் முஹித், குழுத்தலைவர் ஒராஸ்பெக். இந்த மூன்றில் ஒன்றைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும். தள்ளுகிற கையும் இவர்கள் கையாகவே இருக்க வேண்டும்.

அந்தப் பணிமனைக்குப் பழுதுபார்க்க ரயில் பெட்டி வந்தே மாதக்கணக்காகிறது. சரக்கே ஓடாதபோது பெட்டி எங்கே பழுதாகும்? தண்டவாளங்களுக்கு நடுவே புல் முளைத்து, காய்ந்து, இப்போது அதன் மேல் பனியும் விழுந்துவிட்டது. ஆனாலும் ஒருவர்கூட ஒருநாளும் வராமல் இருப்பதில்லை. வேலை இருந்த காலத்தில் மூக்கு ஒழுகினாலே லீவு போட்டவர்கள், வேலையே இல்லாத இந்தக் காலத்தில் காய்ச்சலோடு வந்து, பெருக்கின தரையையே பெருக்கினார்கள். மேலாளர் அறை ஜன்னலிலிருந்து எந்த இடம் தெரியுமோ அந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. முஹித் ஒரே இரும்புத் துண்டை வெட்டுவதும் ஒட்டுவதுமாக இருந்தான். ஸௌரேஷும் கிரேன் மேல் ஏறி, தூக்க ஒன்றுமில்லாத கொக்கியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தாள். கீழே இறங்கும்போதெல்லாம் தன் மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டீ விஷயம் இதைவிடக் கேவலம். எத்தனையோ வருஷமாக அந்தக் குழுவுக்கு ஒரே கெட்டில்தான். தர்மேன் அப்படிச் சொன்ன மறுநாளே ஒராஸ்பெக் வீட்டிலிருந்து தனியாக ஒரு பிளாஸ்க் கொண்டுவந்தார். அதற்கு மறுநாள் முஹித்தும் கொண்டுவந்தான். ஒருவர் ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவர் பேரையே போய்ச் சொல்வதென்றால் யாருக்குத்தான் தொண்டையில் இறங்கும்? கெட்டில் அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது.

வியாழக்கிழமை ஒராஸ்பெக் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"மேலாளர சனிக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருக்கேன். வரேன்னுட்டாரு. வயிறு குளிர சாப்பாடு போட்டு, எங்க குழுவ மட்டும் விட்டுடுங்கய்யான்னு கேட்டுப் பாப்போம். முஹித்து, உன் ஆடு ஒண்ணு நிக்குதில்ல?"

முஹித்தின் முகம் செத்துப்போயிற்று. அந்த ஆடு அவன் மகளுக்காக வளர்ந்தது. குழந்தை முதலடி எடுத்து வைக்கும் நாளில், சடங்குக்காக அதன் காலில் கட்டும் கயிற்றை அறுத்து ஊருக்குச் சோறு போடுவதற்காக அதைப் பனி வரும் முன்னிருந்தே பார்த்துப் பார்த்துத் தீனி வைத்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா இப்பத்தாண்ணே சுவத்தப் புடிச்சு நிக்குது" என்றான்.

"நிக்கட்டும். உனக்கு வேலை நிலைச்சாத்தானே அது நடக்கும்? ஸௌரேஷ், நீ வந்து சமைச்சுக் குடுத்துடு. என் பொண்டாட்டி மக பிரசவத்துக்குப் போயிட்டா."

"சமைக்கறது நானு. திங்கக்கிழமை வெளியப் போறதும் நானா?"

"ஏம்மா இப்படிப் பேசற?" என்றார் ஒராஸ்பெக், அவள் கண்ணைப் பார்க்காமல். "அப்படியே போனாலும் உன் வீட்டுக்காரன் வண்டி ஓட்டறான். எப்படியாவது பொழைச்சுக்குவீங்க."

வண்டி ஓட்டுகிறானாம். சுரங்கத்தில் வேலை போனதிலிருந்து யாரோ ஒருவனின் ஓட்டைக் காரை ராத்திரி பகலாக ஓட்டி, கிடைப்பதை அந்த வண்டிக்கே மருந்து வாங்குகிற மாதிரி செலவழித்துக்கொண்டிருந்தான் அவள் புருஷன். ஒராஸ்பெக்குக்கு இது தெரியாதா? ஒரே கட்டடத்தில் இவர் இரண்டாம் மாடி, அவள் மூன்றாம் மாடி. எல்லாம் தெரியும். தெரிந்துதான் பேசினார்.

சனிக்கிழமை அவள் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேலை என்கிற எலும்புத்துண்டு கண்முன்னால் ஆடும்போது மானத்தைப் பற்றி யோசிக்க நேரம் இருப்பதில்லை. காலையிலிருந்து இறைச்சியை வேகவைத்து, மாவைத் தகடு தகடாகத் தேய்த்து, வெங்காயம் அரிந்தாள். கொதிக்கிற கறியின் வாசனை படிக்கட்டு முழுக்க இறங்கியது. கீழ் வீட்டுக்கும் போயிருக்கும்.

கீழ் வீட்டில் கப்தேஷ் ஐயா இருந்தார். தர்மேனைப் பெற்றவர். பணிமனையில் ஒராஸ்பெக்குக்கு முன்னால் இந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் அவர்தான். பொம்பளைக்குக் கிரேன் எதற்கு என்று எல்லோரும் பல்லைக் காட்டினபோது, "உங்கள்ல எவன் போதையில்லாம மேல ஏறுவான், சொல்லு" என்று கேட்டு அவளை ஏற்றிவிட்டவர். இப்போது முழங்கால் ஒத்துழைக்காமல் வீட்டோடு கிடந்தார். காலையில் அவருக்கு ரொட்டி வாங்கிக் கொடுப்பது ஸௌரேஷ்தான். மகன் அதே ஊரில் மேலாளராகி, காரில் அந்தத் தெரு வழியாகவே போய்வந்துகொண்டிருந்தான்.

"பெரியவரக் கூப்பிடலியா?" என்று கேட்டாள்.

"வேணாம், வேணாம். அவரு வந்தா பழைய கதைய ஆரம்பிச்சிடுவாரு. அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சில்ல. காரியம் கெட்டுடும்."

ஜன்னல் வழியாகத் தர்மேனின் கார் வந்து நின்றதைப் பார்த்தாள். படியேறும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கீழ் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. பூட்ஸ் சத்தம் நிற்காமல் நேரே மேலே வந்தது.

அவள் தர்மேனுக்கு வைக்க வேண்டிய தட்டில் இடுப்பெலும்புக் கறியை வைத்திருந்தாள். விருந்தாளிக்கு அது பெரிய மரியாதைதான். ஆட்டுத்தலையைத் தனித்தட்டில் மூடி வைத்திருந்தாள், விருந்து முடிந்ததும் கீழே பெரியவருக்குக் கொண்டுபோகலாமென்று. ஒராஸ்பெக் அடுப்படிக்குள் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"தலை ஏன் இங்க கெடக்கு? அத முன்னால வை."

"அண்ணே, அவரு அப்பா உசுரோட இருக்காரு."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா வெக்கச் சொல்றீங்க?"

"திங்கக்கிழமை கையெழுத்துப் போடறது அப்பன் இல்ல, மகன்" என்று சொல்லி அவரே தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

அப்பா இருக்கிறவன் முன்னால் தலையை வைக்கக் கூடாது. அது அப்பாவுடையது. நேற்றுப் பிறந்த குழந்தையைக் கேட்டால்கூட அந்த ஊரில் இதைச் சொல்லும். வைக்கிறவன், உன் அப்பன் செத்தான் என்கிறான். கத்தியை எடுக்கிறவன், ஆமாம் என்கிறான். ஸௌரேஷ் அடுப்படி வாசலிலேயே நின்று பார்த்தாள். தர்மேன் வேண்டாமென்று தட்டைத் திருப்பிவிடுவான் என்று கடைசி நொடிவரை நம்பினாள். அவன் தலையைப் பார்த்தான். ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்தான். "இந்தப் பழைய கட்டுப்பாடெல்லாம் இப்ப யாரு பாக்கறா" என்று சிரித்துவிட்டுக் கத்தியை எடுத்தான்.

தலையை வாங்கினவன்தான் அதைப் பங்கு வைக்க வேண்டும். யாருக்கு எது போகிறது என்று அத்தனை கண்ணும் கத்தி மேலேயே இருந்தன. அவனுக்கும் அது தெரிந்தது. தெரிந்துதான் மெதுவாக அறுத்தான். வலக்கன்னத்தில் ஒரு துண்டைத் தான் தின்றான். இன்னொன்றை ஒராஸ்பெக்கிடம் நீட்டினான். ஒராஸ்பெக் இரண்டு கையாலும் வாங்கினார். காதை அறுத்து முஹித்திடம் கொடுத்தான். "சின்னவன் நீதானே. சொன்னதக் கேட்டு நடக்கணும், என்ன?" முஹித் அதை உடனே வாயில் போட்டுக்கொண்டான். மகளின் ஆட்டிலிருந்து அவனுக்குக் கிடைத்தது அந்தக் காது.

பிறகு தர்மேன் கத்தியைத் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்தான்.

"அக்கா, சமையல் பிரமாதம். இனிமே வீட்டுல நிம்மதியா சமைச்சுப் போடலாம். திங்கக்கிழமை நீங்க சிரமப்பட்டு வர வேணாம். ஒராஸ்பெக் அண்ணன் எல்லாம் சொல்லிட்டாரு."

எல்லாம் சொல்லிவிட்டாராம். வியாழக்கிழமையே சொல்லியிருப்பார். விருந்துக்குக் கூப்பிடப் போனவர் அவள் பேரையும் கையோடு கொண்டுபோயிருக்கிறார். அவள் தன் கையால் தேய்த்த மாவு, தன் கையால் வேகவைத்த கறி! ஸௌரேஷுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. முஹித்தைப் பார்த்தாள். அவன் காதை மென்றுகொண்டே தலையைக் குனிந்துகொண்டான். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் மேல் கோபப்படக்கூட முடியாதபடி செய்துவிட்டார்களே என்றுதான் ஆத்திரம் பொங்கியது.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தர்மேனுக்கு எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, மன்னிச்சுக்கணும். எனக்குத் தெரியாமப் போச்சு. எப்ப தவறினாரு?"

"யாரு?"

"உங்கப்பா. காலையிலகூட ரொட்டி வாங்கிக் குடுத்தேன், நல்லாத்தான் இருந்தாரு. அதுக்குள்ள தலை உங்க கைக்கு வந்துடுச்சே. நல்ல மனுஷன். துக்கம் கேக்கணுமில்ல?"

தர்மேனின் முகம் கறுத்தது. "அக்கா, வெளையாடாதீங்க. எழுந்து போங்க."

"எங்க போறது? சாவு வீட்டுலேருந்து கேக்காமப் போகக் கூடாது" என்றாள். சொல்லிவிட்டு இடுப்பில் கையை ஊன்றி, தலையைப் பின்னால் சாய்த்து, அடிவயிற்றிலிருந்து ஒப்பாரியை எடுத்தாள்.

"பட்டறைக்கே வெளிச்சமா நின்ன மகராசா…
தடம் புரண்ட பெட்டியெல்லாம் தூக்கி வெச்ச மகராசா…
பெத்த புள்ள தலைய வாங்குற சேதி வந்துச்சே…
நீ போன சேதி மட்டும் எங்களுக்கு வரலியே…"

கிரேன் மேலிருந்து, இரும்பு அடிக்கிற சத்தத்தையெல்லாம் தாண்டிக் கீழே இருப்பவனுக்குக் கேட்கிற மாதிரி கத்திக் கத்திப் பழகின தொண்டை அது. கட்டடமே அதிர்ந்தது. ஒராஸ்பெக் பாய்ந்து வந்து வாயைப் பொத்தப் பார்த்தார். அவள் ஒரு தள்ளுத் தள்ளினாள், மனிதர் போய் நாற்காலியில் விழுந்தார். அதற்குள் படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். ஒப்பாரி கேட்டால் யார் வீடு, என்ன விஷயம் என்று நின்று விசாரிக்கிற ஊரா அது? வேலை போனவர்கள், போகப் போகிறவர்கள், சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். கதவு திறந்துகொண்டது.

"யாரு?" என்றது ஒரு குரல்.

"கப்தேஷ் ஐயா!" என்று ஸௌரேஷ் அழுதாள்.

அவ்வளவுதான். மேல் மாடிக்காரர் ஒருவர் "ஐயோ, என் தம்பி!" என்று அந்த ஊர்த் துக்க வழக்கப்படி கதறிக்கொண்டு வந்து தர்மேனைக் கட்டிப்பிடித்தார். அவர் விட்டதும் அடுத்தவர். தர்மேன் "இல்ல, இல்ல, ஒண்ணுமில்ல" என்று திமிற, துக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்து இன்னும் இறுக்கினார்கள். பெண்கள் ஸௌரேஷின் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்திக்குத் துணி ஆலையில் போன வாரம் வேலை போயிருந்தது. அவள் அழுதது யாருக்காக என்று யாருக்கும் தெரியாது, ஆனால் உண்மையாகவே அழுதாள். தர்மேனின் ஒரு கையில் இன்னும் கத்தி இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட அவனை யாரும் விடவில்லை.

கடைசியாக வந்தவருக்கு முழங்கால் வலி. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி, மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார். துக்கத்துக்குப் போகும்போது போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார்.

"யாருப்பா போனது?" என்று கேட்டார் கப்தேஷ்.

அழுகை அப்படியே நின்றது. கட்டிப்பிடித்திருந்தவர் தர்மேனை விட்டுவிட்டு விலகினார். கப்தேஷ் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மகன் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். அவன் முன்னால் ஒரு காது இல்லாமல் இருந்த ஆட்டுத்தலையைப் பார்த்தார்.

"ஓ. நான்தானா?" என்றார்.

தர்மேன் "அப்பா…" என்று எழுந்தான். எத்தனை காலத்துக்குப் பிறகு அவன் அந்த வார்த்தையைச் சொல்கிறான் என்று ஸௌரேஷுக்குத் தெரியும். அவளுக்கு இரக்கம் வரவில்லை.

கிழவர் நடந்துபோய் மகன் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். தர்மேன் கத்தியைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான். போகிறபோது ஒராஸ்பெக்கையும் பார்க்கவில்லை. அவ்வளவு பாடுபட்டு வாங்கின கன்னத்துண்டு ஒராஸ்பெக்கின் தட்டில் தொடாமல் கிடந்தது.

கப்தேஷ் மிச்சமிருந்த காதை அறுத்து ஸௌரேஷிடம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"ஐயா, திங்கக்கிழமையிலேருந்து எனக்கு வேலை இல்ல."

"இன்னியிலேருந்து எனக்கு உசுரே இல்ல" என்றார் கிழவர். "வாங்கிச் சாப்பிடு."