பெயர் போடாத செய்தி

ரஸ்ஸல் டாக்கெட் சுவரிலிருந்து இணைய வயரைப் பிடுங்கினான். பிறகு கையை நீட்டிக்கொண்டு மேஜைக்கு மேஜை போனான்.

"ஃபோனக் குடுங்க."

கல்லூரிப் பத்திரிகை அறையில் அவனைத் தவிர இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவன் படம் எடுக்கும் கோல்ட்டன். அவன்தான் சற்றுமுன் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னவன். கல்லூரி வாசலில் கார் மோதி ஒரு மோட்டார்சைக்கிள்காரன் அங்கேயே இறந்துவிட்டான். இறந்தவன் வெல்டிங் படிக்கும் லேன் பர்செல். கோல்ட்டனுக்கு ரொம்ப வேண்டியவன். ஃபோனைக் கேட்டதும் கோல்ட்டன் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டான்.

இன்னொருத்தி பத்திரிகையின் ஆசிரியர் மரிசோல், அவளும் மாணவிதான். அவள் கொடுக்கவில்லை.

"என்ன பண்றீங்க சார்ஜன்ட்?"

"வீட்டுக்குத் தகவல் போற வரைக்கும் யாரும் வெளிய பேசக் கூடாது மேம்."

"மேம்னு கூப்பிடாதீங்க, எனக்கு இருபது வயசு. முதல்ல வயரச் சொருகுங்க. இது பத்திரிகை ஆபீஸ், உங்க முகாம் இல்ல. வாசல்ல ஊரே ஃபோனும் கையுமா நிக்குது. அத்தனை பேருகிட்டயும் புடுங்குவீங்களா?"

டாக்கெட் தன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான். அதன் முதுகில் ஒரு கார்ட்டூன் பூனை சிரித்தது. கோல்ட்டனிடம் திருப்பிக் கொடுத்தான். குனிந்து வயரைச் சொருகினான். காது சூடாக இருந்தது.

ஆப்கன் மலையில் அவன் இருந்த முகாமில் அதுதான் வழக்கம். ஒருவன் இறந்தால் உடனே எல்லாத் தொடர்பும் துண்டிக்கப்படும். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஊரில் சீருடை போட்ட இரண்டு பேர் இறந்தவன் வீட்டுப் படியேறிச் சொல்லி முடித்த பிறகே திறப்பார்கள். ஒரே ஒரு தடவை ஒருவன் ஒளித்து வைத்திருந்த ஃபோனில் பேசிவிட்டான். அன்று இறந்துபோன ஹாலிஸின் மனைவி சூப்பர் மார்க்கெட் வரிசையில் நின்றபடி, பின்னால் நின்றவள் வாயிலிருந்து தெரிந்துகொண்டாள். கையில் பால் டப்பா இருந்ததாம்.

பட்டாளத்தை விட்டு வந்து மூன்று வருஷமாகிறது. பட்டாளம் தரும் உதவித்தொகையில்தான் இப்போது இதழியல் படிக்கிறான். ஒரு சாவு என்றதும் கை தானாக வயருக்குப் போய்விட்டது.

போலீசுக்குப் பேசினான். கல்லூரியில் பதிவாகியிருந்த விலாசத்துக்குப் போனோம், அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்றார்கள்.

"அது பழைய வீடு," என்றான் கோல்ட்டன். "புதுசு எனக்குத் தெரியும். போன மாசம் அவங்க வீட்டு பார்பெக்யூ விருந்துக்குப் போனேன்." விலாசத்தைத் தாளில் எழுதிக் காட்டினான். டாக்கெட் அதைப் போலீசுக்குப் படித்துச் சொன்னான். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

மரிசோல் நகத்தைக் கடித்தபடி நின்றாள். "நீங்களும் போங்க. ரிப்போர்ட்டரா போங்க. போலீஸ் சொல்லிட்டுக் கிளம்பினதும் அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை வாங்குங்க. அது வரைக்கும் நான் பேரப் போடல. ஆனா வேற எவனாவது போட்டா, அப்புறம் என்னால பிடிச்சு வைக்க முடியாது."

"சரி மேம்."

"ஐயோ," என்றாள்.

கல்லூரிப் பெயர் போட்ட தொளதொள மேல்சட்டையும் தொப்பியுமாகத்தான் போனான். தலையைக்கூடச் சீவவில்லை. பார்த்தால் பட்டாளத்தான் மாதிரி இல்லாமல் மாணவன் மாதிரி இருக்க வேண்டும்.

வீட்டுக்கு எதிரே பிக்கப்பை நிறுத்தினான். போலீஸ் வண்டி எதுவும் இல்லை. முற்றத்து பீக்கன் மரத்தடியில் ஒரு பெண் குனிந்து விழுந்த கொட்டைகளை வாளியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊரை ஒட்டிய ராணுவத் தளத்தில் பீரங்கிப் பயிற்சி நடந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவள் நிமிரவில்லை. சொத்தைக் கொட்டைகளைத் தெருப்பக்கம் எறிந்தாள். ஒன்று அவன் வண்டியருகே வந்து விழுந்தது.

போலீஸ் வந்து சொல்லும் வரை அவன் தெருவில் நிற்கும் வெறும் ஆள். அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஃபோன் அதிர்ந்தது. மரிசோல் எழுதியிருந்தாள். 'டிவிக்காரன் பேரப் போட்டுட்டான். நான் போடல. சீக்கிரம்.'

தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்தான். யாரும் வரவில்லை. வாசல் திண்டின் மேலிருந்த அவள் ஃபோன் அடிக்கத் தொடங்கியது. அவள் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தாள்.

அவன் அதற்குள் பாதித் தெருவைத் தாண்டியிருந்தான்.

"மேம், அந்த ஃபோன எடுக்காதீங்க!"

அவள் திரும்பினாள். அவன் படிக்குக் கீழே வந்து நின்றான். தொப்பி கைக்கு வந்திருந்தது. குதிகால்கள் ஒட்டியிருந்தன. கட்டைவிரல்கள் பேன்ட்டின் தையலில் படிந்திருந்தன. எப்போது அப்படி நின்றான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் அந்த நிற்பு எதற்கென்று இந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரியும்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வீடு மாறி வந்துட்ட தம்பி. எங்க பையன் பட்டாளத்துல இல்ல."

ஃபோன் மணி நின்றது. மறுபடி அடித்தது.

"தெரியும் மேம்."

"வெல்டிங் படிக்கிறான். பட்டாளத்துக்குப் போகவே கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"தெரியும்."

"அப்ப ஏன் இப்படி நிக்கிற?"

சுற்றி வளைத்துச் சொன்னால், கேட்பவர் அந்தச் சுற்றுக்குள் ஒரு நம்பிக்கையை வைத்துக்கொள்வார்கள். பட்டாளத்தில் அதை அனுமதிப்பதில்லை.

"லேன் இறந்துட்டான் மேம். காலேஜ் வாசல்ல கார் மோதிருச்சு. அங்கயே போயிட்டான்."

அவள் படியில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டு நாய் ஒன்று குரைத்து ஓய்ந்தது.

"நீ போலீசா?"

"இல்ல மேம். காலேஜ் பத்திரிகை."

"பத்திரிகையா." அவள் குரல் மெலிதாக இருந்தது. "நான் என்ன சொல்றேன்னு எழுதிக்க வந்தியா?"

"ஆமா."

"எழுது பாப்போம்."

அவன் அசையவில்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஃபோன் மூன்றாவது முறை அடித்தது. திரையில் தெரிந்த பெயரைப் பார்த்து அவள் தலையசைத்தாள். "சர்ச்சுக்கு வர்றவ. அப்ப இவளுக்கும் தெரிஞ்சு போச்சு." சட்டென்று நிமிர்ந்தாள். "டேல்! எங்க வீட்டுக்காரரு லாரியோட அமரில்லோ ரோட்டுல போயிட்டிருக்காரு. எப்பவும் ரேடியோ பாடிக்கிட்டே இருக்கும். ரேடியோவுல சொல்லிருவானுங்களா?"

"சொல்லலாம் மேம்."

அவளே எண்ணை அழுத்தினாள். காதில் வைத்தாள். எடுத்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஃபோனை அவனிடம் நீட்டினாள்.

சாவை ஃபோனில் சொல்லக் கூடாது. அதுதான் முதல் விதி. நெடுஞ்சாலையில் பாரத்தோடு பறந்துகொண்டிருக்கும் ஒரு தகப்பனுக்கு எப்படிச் சொல்வது என்று அந்த விதியில் இல்லை.

"ஜென்னி?" என்றது குரல். பின்னால் எஞ்சின் இரைச்சல். யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"சார், என் பேரு ரஸ்ஸல் டாக்கெட். உங்க வீட்டுல இருந்து பேசுறேன். உங்க வைஃப் என் பக்கத்துலதான் இருக்காங்க. ரேடியோவ அணைங்க சார்."

"யாருய்யா நீ? அவளுக்கு என்ன ஆச்சு?"

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. வண்டிய ஓரம் கட்டுங்க. நின்னதும் சொல்றேன்."

பாட்டு நின்றது. இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்தது. சக்கரங்கள் சரளையில் இறங்கும் சத்தம் கேட்டது. காற்று பிரேக் நீளமாகச் சீறியது. எஞ்சினும் அடங்கியது. அவள் அவனுடைய மேல்சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"நிறுத்திட்டேன்," என்றது குரல். "சொல்லு."