ஜப்பான்காரர் சொல்லாதது

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பத்தமடையில் ஜனாபா வீட்டில் ஏதாவது ஒரு வெளிநாட்டுப் படம் ஓடும். சவூதியில், தமாமில் ஜும்ஆ தொழுகை முடிந்து அறைக்குத் திரும்பிய கையோடு அவள் கணவர் பீர் மைதீனும் அதே படத்தைப் போடுவார். போனில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி இருவரும் ஒன்றாகப் பொத்தானை அமுக்குவார்கள். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்து அவர் சொல்லச் சொல்ல, ஈரான்காரனும் துருக்கிக்காரனும் அவளிடம் நெல்லைத் தமிழ் பேசினார்கள். தனியாகக் கிடந்து ஏங்குகிறவன் கதை என்றால் அவர் குரல் இறங்கிவிடும். அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இப்போது அவர் வேலையை விட்டு ஒரேயடியாக வந்து நாலு மாதம் ஆகிறது. மகள் அஸீலா மாப்பிள்ளை வீட்டில். மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான். பக்கத்திலேயே உட்கார்ந்து படம் பார்க்கிறார், ஒரு வார்த்தை கிடையாது. கேட்டால், "இப்பதான் எல்லாப் படமும் டப்பிங்ல தமிழ்லயே பேசுதே" என்கிறார். போனில் பேசிய மனுஷனை அங்கேயே விட்டுவிட்டு வேறு யாரோ வந்துவிட்டாரோ என்று ஜனாபாவுக்குப் பயமாகவே இருந்தது.

அந்தப் பயத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை முன்பு போனில் அவர் சொல்லக் கேட்ட பழைய ஜப்பான் படம் ஒன்றைத் தமிழில் தேடிப் போட்டாள். பனி கொட்டும் சின்ன ஸ்டேஷன், அதன் ஸ்டேஷன் மாஸ்டர், டீ விற்கிற பெண். "எம் புள்ள என் மொகம் தெரியாமலே வளருதே" என்று அந்த மாஸ்டர் கலங்கியதைக் கேட்டு, அன்று தொழுகைப் பாயில் அந்த ஜப்பான்காரருக்காகத் துஆ கேட்டவள் ஜனாபா.

அந்த இடம் வந்தது. மாஸ்டர் தமிழில் வாய் திறந்தார்: "வண்டி தாமதமாக வரும். எனக்கென்ன, பெண்டாட்டியா பிள்ளையா, காத்திருக்கிறேன்."

ஜனாபா திரும்பினாள். பீர் மைதீன் காது சிவந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இவருக்குக் கல்யாணமே ஆவலியாமே. அப்பம் அந்தப் புள்ள யாரு?"

"இங்கிலீசு வேகமா ஓடும் புள்ள. கையில கெடச்சத அள்ளிப் போட்டேன்."

"எந்த வீட்டுச் சரக்க அள்ளிப் போட்டீய?"

"அங்க ஒரு ரூம்ல ஆறு பேரு. பொண்டாட்டிய நெனச்சு ஏங்குதேன்னு நான் சொன்னா பக்கத்துக் கட்டில்காரன் கேலி பண்ணியே கொன்னுருவான். படத்துக்காரன் சொல்லுதான்னா ஒருத்தனும் கண்டுக்கிட மாட்டான்."

"இங்கன கேலி பண்ண யாரு இருக்கா? இப்பம் பேசுனா என்ன?"

"உன் மொகத்தப் பாத்துப் பேசிப் பழக்கமில்லியே புள்ள."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினாள். திரையில் டீக்காரப் பெண் உதடசைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ என்ன சொல்லுதா தெரியுமா?" ஜனாபா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வந்து நாலு மாசமாச்சு, இன்னும் விருந்தாளி கணக்கா முன்வாசல்ல இருந்தே தண்ணி கேக்கீய. ஒருநா அடுப்பங்கரைக்குத்தான் வந்தா என்னங்கா. அங்கன நின்னுட்டு எதையாச்சும் பேசுனா போதுமாம்."

பீர் மைதீன் பைய எழுந்து அடுப்பங்கரைக்குள் போனார். பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது.

"ஏ புள்ள, டம்ளர் எங்கன இருக்கு?"

"பக்கத்துல வந்து சொல்லுதேன், இருங்க" என்று ஜனாபா எழுந்தாள்.