லாங்கிக்குப் பிடிச்சு வச்ச இடம்

அக்டோபர் மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. காலையில ஒன்பதே முக்காலுக்கே பெனி வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஸ்கிரீன் முன்னால வந்து உக்காந்துட்டான். கோயிலுக்குப் போடுற சட்டை. வந்திருக்கிறது டியூட்டிக்கு. ஆக்லாந்துல, மனுகாவ் பக்கத்துல, ஜன்னலே இல்லாத சர்வர் கட்டடம்.

மக லாங்கிக்கு எட்டு வயசு. சமோவாவுல, சவாயீ தீவுல, அம்மா ஃபியாகூட இருக்கா. இன்னைக்கு வெள்ளை ஞாயிறு. பிள்ளைங்க வெள்ளை உடுப்போட கோயில்ல ஏறி வசனம் ஒப்பிக்கிற நாள். லாங்கிக்கு ஆறு வரி. மூணு வாரமா போன்ல அவ ஒப்பிச்சுப் பாத்ததுல பெனிக்கும் ஆறு வரி பாடமாயிடுச்சு. ஆனா முகத்தைப் பாத்துக் கேக்கணும். அவன் கிளம்பினப்ப அவளுக்கு நாலு வயசு. முன்பல்லு ரெண்டும் விழுந்து முளைச்சாச்சாம். அதுவும் போன்லதான் தெரியும். அந்த ஊர் சிக்னல்ல குரல் வர்றதே பெருசு, படம் வராது. கோயில்ல மட்டும்தான் டிஷ் இருக்கு.

சமோவாவுல முப்பத்தோரு கோயிலோட ஆராதனை பெனியோட கம்பெனி வழியாத்தான் வெளியூர் சொந்தக்காரங்களுக்குப் போகும். கோயிலுக்கு ஒரு மெஷின்னு பேரு. நிஜத்துல இருக்கிறது ஒரே பெரிய சர்வர், முப்பத்தோரு மெஷினும் அதுக்குள்ளதான். அதுல மெமரி எரநூத்தி ஐம்பத்தாறு ஜிபி. ஆளுக்குப் பதினாறுன்னு வாக்குக் கொடுத்ததைக் கூட்டினா ஐநூறைத் தொடும். இது ஏமாத்து இல்ல, தொழிலே அப்படித்தான். நாப்பது சீட்டு பஸ்ல எண்பது பேருக்கு இடம் உண்டுன்னு சொல்றது. ஒரு கோயில் ஆறு மணிக்கு, ஒண்ணு எட்டுக்கு, ஒண்ணு பத்துக்கு. எல்லாரும் ஒண்ணா வந்து ஏறமாட்டாங்க. ஆறு மாசம் ஞாயிறு ஞாயிறா உக்காந்து பாத்து அந்தக் கணக்கைப் போட்டவனே பெனிதான்.

"என்னடா, மாப்பிள்ளைக் கோலம்?" ஷிப்டுக்கு மூத்தவங்க மெலே அக்கா டீயோட வந்தாங்க. டோங்காக்காரங்க.

"மக ஒப்பிக்கிறா அக்கா."

"இப்பத்தானா? எங்க பிள்ளைங்க மே மாசமே முடிச்சிட்டாங்க. சமோவாக்காரன் எதுலதான் நேரத்துக்கு வந்திருக்கான்?"

"நாங்க படிச்சிட்டு ஏறுவோம் அக்கா. நீங்க ஏறிட்டுப் படிப்பீங்க."

மெலே அக்கா சிரிச்சு முடிக்கல, பத்து அடிச்சது. ஸ்கிரீன்ல ஒரு கோயிலோட பச்சைக் கோடு செவந்தது. அப்புறம் நாலு. அப்புறம் பதினேழு.

"இன்னைக்கு எல்லாக் கோயில்லயும் பத்து மணிதானா?" மெலே அக்கா கேட்டாங்க.

வெள்ளை ஞாயிறு அன்னைக்கு எல்லா ஊரும் பத்து மணிதான். பெனிக்குப் பொறந்ததுல இருந்து தெரியும். மூணு வாரமா வெள்ளை ஞாயிறு, வெள்ளை ஞாயிறுன்னு நினைச்சுக்கிட்டே இருந்திருக்கான். அவன் ஊர் ஒண்ணுதான் ஞாபகத்துல இருந்துச்சு. மத்த முப்பது ஊர்லயும் பிள்ளைங்க இருக்கிறது தோணவே இல்ல.

"சமோவாக்காரன்டா நீ!" மெலே அக்கா அவ்வளவுதான் சொன்னாங்க.

ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் பலூன்னு ஒரு புரோகிராம் உண்டு. இடம் பத்தலைன்னா அது உள்ள ஊதி, சும்மா கிடக்கிற மெமரியைப் பிடுங்கி அடுத்தவனுக்குக் கொடுக்கும். இன்னைக்கு எவன்கிட்டயும் சும்மா கிடக்கல. ஊர் பஸ்ல சீட்டு இல்லைன்னா யார் மடியிலயாவது உக்காரலாம். சர்வருக்கு ஏது மடி?

போன் அடிச்சது. பிரிஸ்பேன்ல இருந்து ஒரு அம்மா. "தம்பி, என் மகன் மேடையில நிக்கிறான். காலு மட்டும்தான்பா தெரியுது!"

மெலே அக்கா பட்டியலைத் தள்ளிக்கிட்டே வந்தவங்க நின்னாங்க. "இது யாருடா, அறுபத்தி நாலு? ரிசர்வ் வேற போட்டிருக்கு."

வியாழக்கிழமை பெனிதான் யாருகிட்டயும் சொல்லாம தன் ஊர் மெஷினுக்கு அறுபத்தி நாலு கொடுத்து, பலூன் தொடாதபடி பூட்டி வச்சான். அதுல பாதிக்கு மேல இப்பவும் சும்மாதான் கிடக்கு.

"உன் மக எப்ப?"

"இன்னும் ரெண்டு பிள்ளைங்க போகணும்."

"நான் தொடமாட்டேன். நீயா எடுக்கணும்."

பெனியோட ஸ்கிரீன்ல படம் தண்ணி மாதிரி ஓடிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு பிள்ளைங்களும் முடிச்சதும் லாங்கி பெஞ்சுல இருந்து எந்திரிச்சா. வளந்துட்டா. ஒரு சாக்ஸ் கீழ இறங்கியிருக்கு. மறுபடி போன். இப்ப வெலிங்டன், ஒரு அப்பன். "எங்களுக்கு ஒண்ணுமே வரலையே..."

பெனி பூட்டை எடுத்தான். பதினாறுக்கு இறக்கினான்.

முப்பது ஊரும் ஒவ்வொண்ணா பச்சைக்கு வந்துச்சு. அவ்வளவையும் ஒரே மூச்சுல பிடுங்கினதுல அவன் ஊர் மெஷின் மட்டும் திணறி நின்னுடுச்சு. லாங்கி வாயைத் திறந்தபடி அப்படியே நின்னா. புதுப்பல்லு ரெண்டும் தெரிஞ்சது. பெனி அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டு ஆறு வரியையும் மெதுவா தானே சொன்னான். படம் திரும்ப ஓடினப்ப வேற ஒரு பையன் நின்னுக்கிட்டிருந்தான்.

ரெக்கார்டும் அந்த மெஷின்லதான், அந்த நேரம் அதுவும் நின்னுபோச்சு. கோயிலுக்குள்ள யாரும் போன் தூக்கக் கூடாதுன்னு போதகர் உத்தரவு வேற.

மத்தியானம் லாங்கி கூப்பிட்டா. "அப்பா, பாத்தியா?"

"சாக்ஸ் இறங்கியிருந்துச்சு, பாத்தேன். பல்லையும் பாத்தேன். அதுக்கப்புறம் படம் நின்னுடுச்சு கண்ணு."

"எல்லாருக்குமா?"

"நமக்கு மட்டும். உனக்காக நிறைய இடம் பிடிச்சு வச்சிருந்தேன். மத்த பிள்ளைங்களுக்குப் பத்தல. திருப்பிக் கொடுத்துட்டேன்."

பெனி போனைக் காதோட அழுத்திக்கிட்டுக் கெஞ்சினான்.

"இப்ப எனக்காக ஒரு தடவை சொல்லேன்."

"மாட்டேன். இன்னைக்குப் பிள்ளைங்க நாங்கதான் பெரியவங்க. அம்மாவே எனக்குப் பரிமாறிட்டு அப்புறம்தான் சாப்பிடுவா. நீயும் வந்து பரிமாறு, சொல்றேன்."

"சரிம்மா, கிறிஸ்மஸுக்கு..."

"கிறிஸ்மஸ்னு சொல்லாதப்பா. நாலு தடவை சொல்லிட்டே."

பெனி போனைக் காதுல இருந்து எடுக்காமலே திரும்பினான். "அக்கா, டிசம்பர்ல லீவு..."

"டிசம்பர்ல எல்லாத் தீவுக்காரனும் ஒண்ணா வந்து நிப்பான். யாருக்குன்னுடா கொடுப்பேன்?"

"அப்ப நவம்பர். எவனும் கேக்காத வாரமா பாத்து."

மெலே அக்கா சுவத்து காலண்டர்ல ஒரு தாளைப் புரட்டினாங்க. கையில இருந்த பென்சிலை வச்சிட்டு, பேனாவை எடுத்தாங்க.