முக்கிப் பார்க்காத ட்யூப்

இதில் வருவது அத்தனையும் நடந்தது நடந்தபடி. ஒரு சொல் பொய்யென்றாலும் எழுதிய கை விளங்காமல் போகட்டும். அடுத்த வேளைச் சோற்றைப் பிறர் ஊட்டிவிடட்டும்.

காட்டாற்றின் கரையில் நின்று காற்றடித்து முடித்த பிறகுதான் பஞ்சர்காரருக்கு நினைவு வந்தது. முந்தின நாள் அந்த மூன்று லாரி ட்யூப்களில் ஒன்றுக்கு ஒட்டுப் போட்டார். உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ரப்பரை வைத்து அழுத்தியது வரைக்கும் சரி. தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கவில்லை. வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அப்படியே சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முப்பது வருடத்தில் முதல் தடவை.

எந்த ட்யூப் என்றும் தெரியவில்லை. மூன்றின் மேலும் அம்மைத் தழும்பு மாதிரி பழைய ஒட்டுகள்.

சொல்லிவிடலாம். சொன்னால் சோடாபுட்டி சாகும்வரை சொல்லிக்காட்டுவான். பள்ளிக்கூடத் தோழன், கண்ணாடி இல்லாவிட்டால் தன் கையையே யாரென்று கேட்பவன். மூன்றாவது ஆள் மாப்பிள்ளை, பஞ்சர்காரரின் தங்கையைக் கட்டியவர். "அண்ணா, போன மாதிரியே கூட்டிட்டு வந்துடு," என்று மட்டும் தங்கை சொல்லி அனுப்பியிருந்தாள்.

"மாப்ளே, நீச்சல் தெரியாம வந்துட்டீங்களே."

"உங்க தங்கச்சிகிட்ட பதினோரு வருஷமா முங்காம இருக்கேன் மச்சான். இந்த ஆறு எம்மாத்திரம்?"

மூவரும் ஆளுக்கொரு ட்யூபில் சாய்ந்து மிதந்தார்கள். வேன் ஐந்து கிலோமீட்டர் கீழே பாலத்தடியில் நிற்கும். நடுவில் கரையேற இடமில்லை; இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை.

காடு எவ்வளவு அடர்த்தி என்றால், வெயில் உள்ளே வர வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. முதல் வளைவில் பறவைச் சத்தம் இருந்தது. இரண்டாவதில் குறைந்தது. மூன்றாவதில், மீனுக்குப் பாய்ந்த மீன்கொத்தி ஒன்று பாதியில் மனம் மாறி, திரும்பக்கூடச் செய்யாமல் பின்பக்கமாகவே பறந்து கிளையில் போய் உட்கார்ந்தது.

அப்போதுதான் பார்த்தார். மாப்பிள்ளையின் ட்யூபுக்கு ஒரு முழம் பின்னால் குமிழிகள்.

ஆணி ஓட்டையா, வால்வா, ஒட்டு விட்டதா என்று குமிழியின் பருமனை வைத்தே சொல்லக்கூடியவர் அவர். இது எதிலும் சேரவில்லை. நெல்லிக்காய்ப் பருமனில் ஐந்து வரும், நிற்கும், மறுபடி ஐந்து. ஒட்டுதான், வேறென்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"மாப்ளே, ட்யூப் மாத்திக்கலாம்."

"ஏன், உங்களுது குத்துதா?"

"உங்களுது என் இடுப்புக்குத் தோதா இருக்கும்."

"எல்லாம் ஒரே அளவுதானேடா," என்றான் சோடாபுட்டி. "என்னத்த மறைக்கிற?"

பஞ்சர்காரர் ஒரு பாறையைப் பிடித்து நிறுத்தி, மாப்பிள்ளையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தன் ட்யூபுக்கு ஏற்றிவிட்டார். போனால் தன் காற்றுப் போகட்டும். தனக்கு நீந்தத் தெரியும். தங்கை முகத்தில் விழிக்கலாம்.

குமிழிகள் சற்று நேரம் அவர் பின்னாலேயே வந்தன. பிறகு மெல்ல விலகி, மாப்பிள்ளையின் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன.

தன் ட்யூபை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

"டேய்," என்றான் சோடாபுட்டி, குரலைத் தாழ்த்தி. "அவர் பின்னாடி வர்றது யாருடா?"

கண்ணாடியை அவன் வேனிலேயே விட்டு வந்திருந்தான்.

"ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு?" என்றார் மாப்பிள்ளை. "தண்ணி வெதுவெதுன்னு சுகமா இருக்குல்ல?"

மற்ற இருவருக்கும் அதன் குளிர் எலும்பைக் கடித்தது.

"மாப்ளே, காலை மேல தூக்கி வைங்க."

"தூக்கித்தானே வெச்சிருக்கேன் மச்சான்."

பஞ்சர்காரர் ஒரு கையால் மாப்பிள்ளையின் ட்யூபைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாலம் தெரியும்வரை தண்ணீரைத் துழாவினார். பாலத்தடியில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். கண்ணாடியாகத் தெளிந்து, அடியில் மணல் மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளை இறங்கி நின்றார். அவர் குதிகாலுக்குப் பின்னால், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, ஐந்து குமிழி எழும்பியது.

அவரை இழுத்துக் கரையில் போட்டார்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே எழுந்து வேனை நோக்கி நடந்தார். அவர் பின்னால் காய்ந்த மணல் ஐந்து இடத்தில் புடைத்து, வெடித்து, அடங்கியது. மறுபடி ஐந்து.

ஊர் வந்ததும் பஞ்சர்காரர் அவரைத் தங்கை வீட்டு வாசலில் நிறுத்தினார். தங்கை கதவைத் திறந்து, கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவருக்குப் பின்னாலும் பார்த்தாள்.

"உள்ள வாங்க, ரெண்டு பேரும்," என்றாள். அண்ணனை அவள் கூப்பிடவில்லை. கதவு மூடிக்கொண்டது.

அப்போதுதான் பஞ்சர்காரருக்கு நினைவு வந்தது: அம்மாவுக்கு அவர் ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது.