கூனுக்கின் பங்கு

தபீத்தா அக்காவின் ஃப்ரீசரில் ஒரு துண்டு மத்தாக் யாரும் தொடாமல் கிடந்தது. கோடையில் எங்கள் ஆட்கள் ஒரு கொம்புத் திமிங்கிலத்தைப் பிடித்து, தோலும் கொழுப்புமான அந்த மத்தாக்கைக் கரையிலேயே பங்கு போட்டார்கள். அக்கா தட்டோடு வந்து நின்று, "என் மகன் பங்கு எங்கே?" என்று கேட்டாள். அவனுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அவள் மகன் கூனுக், அந்தக் கோடைக்கு முன்பே மே மாதம் ஹாலிபட் மீன் பிடிக்க உறைந்த கடலின் மேல் நாய்வண்டியில் போனவன். பனி இளகும் மாதம் அது. நம்பக் கூடாது என்று அவனுக்கும் தெரியும், ஆனாலும் போனான். வார் அறுந்த இரண்டு நாய்கள் மட்டும் நனைந்து திரும்பின. உடல் கிடைக்கவில்லை.

எங்கள் ஊரில் இறந்தவரின் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்போம், ஆணோ பெண்ணோ கணக்கில்லை. பெயர் வந்தால் ஆளே வந்த மாதிரி. அதுவரை அந்தப் பெயரை வாயில் எடுக்க மாட்டோம். கடைக்காரருக்கும் அதே பெயர் என்பதால் மே மாதத்திலிருந்து அவரைக் "கடை, கடை" என்றுதான் கூப்பிட்டோம், பாவம், அவரும் கோபிக்காமல் திரும்பிப் பார்த்தார். அக்கா மட்டும் "கூனுக் பசியோட வருவான்" என்று வாய் நிறையச் சொல்வாள்.

செப்டம்பரில் அக்காவின் தம்பி மகள் இவாலு, இலுலிசாத் டவுன் ஆஸ்பத்திரியில் பெற்ற பெண் குழந்தையோடு படகில் வந்து இறங்கினாள். கூடவே அவள் புருஷன் மிக்கலி. கிழக்குக் கரைக்காரன், அவன் பேச்சு எங்களுக்குப் பாதிதான் புரியும். இருவரும் நேரே அக்கா வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி நானும் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, பேரைக் கேட்டு வந்திருக்கோம்," என்றாள் இவாலு.

"எந்தப் பேரை?" அக்கா குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மிக்கலி தரையைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தான்.

"பள்ளிக்கூடத்துல படிச்ச டேனிஷ்லயாவது சொல்லித் தொலைடா, ஒண்ணும் புரியல," என்றேன், கொஞ்சம் சிரிக்க வைக்கலாமே என்று.

அக்கா சிரிக்கவில்லை. "உயிரோட இருக்கிறவன் பேரைத் தூக்கிக் குடுக்க நான் என்ன பைத்தியமா? பனிப்பாளத்துல மிதந்து கனடா பக்கம் ஒதுங்கியிருப்பான். நாய் கரையேறும், என் மகன் ஏற மாட்டானா? கடல் உறையட்டும், வண்டி கட்டிட்டு வந்து நிப்பான். நீங்க போய் வேற பேர் பாருங்க."

குழந்தை அன்றைக்கு அழ ஆரம்பித்ததுதான், நிறுத்தவே இல்லை. ஓயாமல் அழும் குழந்தை தன் பெயரைத் தேடுகிறது என்போம். பக்கத்து ஊர்களில் செத்தவர்கள் பெயரையெல்லாம் காதில் சொல்லிப் பார்த்தார்கள். டவுனிலிருந்து வந்த டேனிஷ் நர்ஸ், வாயு என்று சொட்டு மருந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஞானஸ்நானம் தள்ளிக்கொண்டே போனது. எந்தப் பெயர் வேண்டும் என்று ஊருக்கே தெரியும், அக்காவை மீறி வைக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

சூரியன் வராத மாதமும் வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் அந்த இருட்டில் இவாலு வீட்டிலிருந்து கேட்ட குழந்தையின் அழுகை பொறுக்க முடியாமல் அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். சீல் கறிச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் இரண்டு கிண்ணங்கள்.

"அக்கா, அந்தப் புள்ள தொண்டை கிழியக் கத்துதே, உனக்குக் காது கேக்கலையா?"

"கேக்குது."

"ஊரே உன் ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கிடக்கு. உனக்கு என்ன நெஞ்சா, கல்லா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெகினா, நான் சரின்னு சொல்லிட்டா, நாளைக்கு இந்த ரெண்டாவது கிண்ணத்தை யாருக்கு வைப்பேன்?"

வந்த கோபமெல்லாம் எங்கே போனதோ. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை.

அடுத்த வாரம் கடல் கெட்டியாக உறைந்தது. பையன்கள் அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாக வண்டி கட்டி மீனுக்குப் போனார்கள். அக்கா கரையில் நின்றாள். நான் கூப்பிட்டும் வரவில்லை. ஒவ்வொரு வண்டியாகத் திரும்பி வந்தது. கடைசி வண்டி நாய்களையும் அவிழ்த்துக் கட்டியாயிற்று. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்குள் போய், அந்த மத்தாக்கை எடுத்துக்கொண்டு இவாலு வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

மேசையில் வைத்தாள். "அவன் பங்கு. எல்லாரும் சாப்பிடுங்க."

குழந்தையை வாங்கி மடியில் கிடத்தி, "கூனுக்," என்றாள்.

குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. இன்னும் வீறிட்டது. இவாலுவின் முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, அப்போ பேர் இது இல்லையோ?"

"இவன்தான். அவன் பொறந்தப்போ பேர் வெச்ச பிறகும் இப்படித்தான் கத்தித் தீர்த்தான், பிடிவாதக்காரன்."

அந்தச் சின்னப் பாதங்களை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி, சூடு ஏறத் தேய்த்தாள். அவளுடைய கண்ணீர் அப்போதுதான் வந்தது.

"தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சாடா?" என்று கேட்டாள்.