என்ரை பால்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது: கொக்குவில் வாசியும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபருமான திருமதி பராசக்தி நமசிவாயம் அவர்கள், தமது ஏகபுத்திரன் சிவகரனுக்கு முப்பத்துநான்கு வயதில் சலரோகம், அதாவது நீரிழிவு, வந்ததன் காரணத்தைக் கண்டுபிடித்துள்ளார். காரணம், அவரேதான். கண்டுபிடித்த இடம், மகனோடும் கைப்பிள்ளைக்காரியான மருமகள் ஆரணியோடும் போய்க் குந்தியிருந்த கிளினிக் வாங்கு. சுவரில் ஒட்டியிருந்தார்கள்: 'தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்கு வளர்ந்தபின் சலரோகம் வரும் வாய்ப்புக் குறைவு.'

அதிபர் அதை இரண்டாந்தரமும் வாசித்தார். பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்த கையோடு, பிரசவ லீவு மிச்சமிருக்கவே, பள்ளிக்கூடம் ஓடியவர் அவர். கிடைக்கவிருந்த பதில் அதிபர் கதிரை காத்துக்கொண்டிருக்குமா? பிள்ளை, சங்கக்கடையில் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த பால்மாவில் வளர்ந்தது. சீனி கிடைத்த நாளில் சீனியும் தாராளம்.

ஆனால் மூன்று மாதமாக ஆரணிக்கு அவர் படிப்பித்த சரித்திரம் வேறு. ஆரணிக்குப் பால் போதவில்லை. அவள் போத்திலில் மா கரைக்கும்போதெல்லாம் அதிபர் குசினி வாசலில் நின்று, "நான் அவனை ரெண்டு வயசுமட்டும் என்ரை பாலிலைதான் வளத்தனான்" என்பார். முழுப்பொய் என்றும் சொல்லமுடியாது; கூப்பனில் அவர் பெயர்தான் இருந்தது. ஆரணி மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துவிட்டு மாவை அளப்பாள்.

உள்ளே டொக்ரர், பரம்பரையில் ஆருக்கும் இருக்கோ என்று கேட்டார்.

"அப்பாவுக்கு இருந்தது" என்றான் சிவகரன்.

அந்தக் கதவாலேயே அதிபர் தப்பியிருக்கலாம். நமசிவாயம் செத்து எட்டு வருடம், மறுத்துக் கதைக்கப்போவதில்லை. ஆனால் ஆரணி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"டொக்ரர், தாய்ப்பால் குடிச்ச இவருக்கே உது வந்திட்டுது. போத்திலிலை வளருற என்ரை பிள்ளைக்கு என்ன நடக்கும்?"

அதிபர் எழுந்து நின்றார், காலைப் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல.

"அவன் குடிக்கேல்லை, ஆரணி. மாப்பால்தான். முப்பத்தொண்டோடை விட்டிட்டுப் போட்டன். என்னாலைதான் அவனுக்கு..."

"இருங்கோ அம்மா" என்றார் டொக்ரர். "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அதாலைதான் வந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

தண்டனையும் கிடைக்கவில்லை, விடுதலையும் கிடைக்கவில்லை. சிவகரன் தன் இரத்தப் பரிசோதனைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூண்டு மாதம், மாமி" என்றாள் ஆரணி.

வாழ்நாள் முழுக்க மன்னிப்புக் கடிதம் வாங்கியே பழகியவருக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. பிள்ளை சிணுங்கியது. ஆரணி அதைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். போத்திலையும் கையில் திணித்தாள்.

"நீங்களே பருக்குங்கோ."

அதிபர் போத்திலைச் சரித்துப் பிடித்தார். பிள்ளை முழுவதையும் குடித்துவிட்டு ஏவறை விட்டது.