விவரத்துக்கு ஒலிக்கோப்பைக் கேட்கவும்

1

இந்தக் கதை எனக்குத் திட்டாகத்தான் கிடைத்தது. 2007 ஜூலையில் உத்திரமேரூரிலிருந்து கீதா போன் செய்து பதினேழு நிமிடம் பேசினாள். நான் 'ம்' மட்டும் சொன்னேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஏரி தளும்பிய ஒரு மாலையில், கீதா

[அந்த ஜூலையில் ஏரியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அழகுக்காக ஏரியை நிரப்புகிற புத்தியை என்ன சொல்ல!]

கீதா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூன்று கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்துகிறவள். எங்கள் இணையக் குழுமத்தின் தொண்டர். ஊரைவிட்டு வெளியே போன பதினொரு பேர் கைக்காசு போட்டு நடத்திய தளம் அது. ஊரோரத்து இருளர் குடும்பங்கள் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், 'ரத்த சொந்தத்தில் யாரிடமாவது இருக்கிறதா, காட்டு' என்று அலுவலகத்தில் விரட்டுவார்கள். அந்தச் சொந்தங்களை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிந்து வைப்பதுதான் எங்கள் வேலை.

2

சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த மாசி என்ற இருளர் முதியவரின் குடிசைக்கு, சின்ன ரெக்கார்டரோடு கீதா டிவிஎஸ் 50-ல் போனாள். மகள் சின்னபொண்ணு அன்று நடவுக்குப் போயிருந்தாள். மாசி தனியாக உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேசினார். தன் சின்னம்மா குடும்பம் எந்த ரைஸ் மில்லில் கொத்தடிமையாகக் கிடந்தது, மீண்டு எந்த ஊருக்குப் போனது, அங்கே யாருக்குச் சான்றிதழ் கிடைத்தது என்று பெயர் பெயராகச் சொன்னார்.

கீதா அதைத் தளத்தில் ஏற்றினாள். அடுத்த குடும்பத்துக்கு ரெக்கார்டரில் இடம் வேண்டும். அழிப்பதற்கு முன் குழுமத்தில் கேட்டாள்: "அங்க பத்திரமா இருக்குமா?" 'கவலை வேண்டாம்' என்று பதில் போனது.

(பதில் போட்டது நான்.)

தை மாதம் மாசி இறந்துபோனார்.

3

தளத்தில் நிர்வாகிகள் ஏழு பேருக்கு மட்டும் திறக்கிற பகுதி ஒன்று உண்டு. மார்ச்சில் அங்கே ஒரு கேள்வி வந்தது. எழுத்தை மட்டும் பேக்கப் எடுத்தால் செலவே இல்லை. குரலையும் படத்தையும் சேர்த்தால் மாதம் அறுநூறு ரூபாய். பதினொரு பேரில் நான்கு பேர் பணம் அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். கையில் காசில்லை என்பது பொய்யில்லை. ஆனால் ஒரு சிடியில் எழுதி அலமாரியில் போட இருபது ரூபாய் ஆகியிருக்கும். மூன்று வாரம் விவாதித்தோமே தவிர, ஒருத்தரும் சிடி வாங்கவில்லை.

ஏழு ஓட்டும் 'எழுத்து மட்டும்'. "குரலைத் தேவைப்பட்டால் மறுபடி பதிந்துகொள்ளலாமே" என்று காரணம் எழுதியவனும் நான்தான். மாசி செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கீதாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தொண்டருக்கு எதற்கு நிர்வாகக் கவலை!

ஜூனில் சர்வரின் டிஸ்க் போனது. எழுத்தெல்லாம் ஒரு புள்ளி குறையாமல் திரும்பி வந்தது. மாசியின் பக்கத்தில் இருந்த எழுத்து இவ்வளவுதான்: 'மாசி, சாலவாக்கம். நாற்பது நிமிடம். விவரத்துக்கு ஒலிக்கோப்பைக் கேட்கவும்.'

4

சின்னபொண்ணின் மகள் சித்ராவுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்தது. சான்றிதழ் வேண்டும். சின்னபொண்ணு சென்டருக்கு வந்தாள்.

"எங்க நைனா பேசனது உன் பொட்டியில கீதுன்னியே கீதாம்மா. போடு. நாளைக்கு ஆபீஸ்ல பேருங்கள சொல்லணுமாம். அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்."

கீதா நான்கு முறை அழுத்திப் பார்த்தாள். குழுமத்துக்குப் போன் போட்டாள். அப்போதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. போனைக் கீழே வைத்தாள்.

"அழிஞ்சிபோச்சுக்கா."

"யாரு அழிச்சது?"

"டிஸ்க்கு கெட்டுப்போச்சு. இன்னொரு காப்பி எட்த்து வெக்கல. காசு மிச்சம் புடிச்சிருக்காங்க."

"எம்மாங் காசு?"

"மாசம் அறுநூறு."

"பத்து நாளு நடவுக் கூலி," என்றாள் சின்னபொண்ணு. "என்னாண்ட கேட்டிருந்தா நான் கட்டியிருப்பேனே."

[இதற்கடுத்து, 'சின்னபொண்ணு விம்மி அழுதாள்' என்று எழுதியிருந்தேன். கீதா படித்துவிட்டு, "எங்க சார் அழுதாங்க? நாற்காலிய எட்டி ஒதச்சாங்க. ஒதச்சத எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.]

5

முடிவுக்கு இரண்டு முறை முயன்றேன்.

கீதாவின் மேஜைக்குள் தூசி படிந்த சிடி ஒன்று

[கிடையாது. இருந்ததாக எழுதினால் நாங்கள் ஏழு பேரும் நிம்மதியாகத் தூங்குவோம்.]

சித்ராவைப் பார்த்ததும் அதிகாரி மனம் இளகி

[அவர் பேர் கேட்டார். பேர் தெரியவில்லை. ஃபைலை மூடினார்.]

நர்சிங் சேர்க்கை அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. சித்ரா இப்போது கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். நினைவிலிருப்பதையாவது பதிந்துகொள்ளலாமா என்று கேட்க, கீதா ரெக்கார்டரோடு மறுபடி சாலவாக்கம் போனாள்.

"அத்த எட்த்துக்கினு போயிடு," என்றாள் சின்னபொண்ணு. "எங்க வாயில கீறத வாங்கிக்கினு போயி தொலைக்கிறவங்களுக்கு இனிமே ஒரு பேச்சும் கெடையாது."

கீதா குழுமத்தில் எழுதினாள்: ஓட்டுப் போட்ட ஏழு பேரும் நேரில் வந்து சின்னபொண்ணிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒருவர் வருத்தம் தெரிவித்தார். ஒருவர் குழு அமைக்கலாம் என்றார். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. நான் இந்தக் கதையை எழுதி கீதாவுக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது: "இத எழுதுன நேரத்துல இங்க வந்துட்டே போயிருக்கலாம் சார். முடிவ என்னாண்ட கேக்காதீங்க."

எனக்கும் அதை எழுத அருகதை இல்லை. நீங்களாவது போங்கள். சாலவாக்கத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் சின்னபொண்ணின் வீட்டைக் காட்டுவார்கள். அவள் வெளியே வந்து, "இன்னா ஓணும்?" என்று கேட்பாள்.

பதில் சொல்லுங்கள்.